கத்தரி எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கும் பார்லர்

கோவை வடவள்ளியில், மருதமலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், வீட்டின் முன்னறையையே பார்லராக்கி நடத்துகிறார் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். ஒரு நாற்காலி, ஒரு வாஷ் பேசின், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, உதவிக்கு ஒரு பெண். எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "பேரெல்லாம் போட்டராத கண்ணு, வர்ற கூட்டத்துக்கே உட்கார எடமில்ல" என்றார். அதனால் கடைப் பெயர் இங்கே இருக்காது. நான் இருப்பது சரவணம்பட்டி. அங்கேயே ஏசி சலூன்கள் வரிசையாக இருக்கும்போது, தலைமுடிக்காக ஊரின் இன்னொரு மூலைக்கு ஏன் போகிறாய் என்று வீட்டிலும் ஸ்கூலிலும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா நன்றாக முடி வெட்டுவார். அதைப்போல வெட்டுபவர்கள் கோவையில் வேறு பலரும் உண்டு. கத்தரி எடுப்பதற்கு முன் அவர் பேசும் பேச்சு மட்டும் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. என் முடி இன்று ஆரோக்கியமாக இருப்பதற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

என்னுடையது சுருட்டை முடி, நல்ல அடர்த்தி. நாற்பதைத் தொடும் வயது, காதோரம் நரை. டீச்சர் வேலை என்பதால் தினமும் கொண்டை.

நாற்காலியில் உட்கார்ந்தவுடனே துணியைப் போர்த்தித் தண்ணீர் அடிக்க மாட்டார் அக்கா. கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, காய்ந்த முடி தானாக எப்படி விழுகிறது, வகிடு எங்கே விழுகிறது என்று சுற்றி நின்று பார்ப்பார். பிறகு கேள்விகள். "தலைக்கு என்னென்ன போட்டிருக்க? டையா, மருதாணியா, ஸ்ட்ரெய்ட்னிங்கா? வீட்டுல போர் தண்ணியா, சிறுவாணியா? அரப்பா, ஷாம்புவா? காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா? மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறியா?" முதல் தடவை போனபோது, முடி வெட்ட வந்தவளிடம் எதற்கு இத்தனை விசாரணை என்று தோன்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் காரணம் சொன்ன பிறகு, இதையெல்லாம் கேட்காத ஒருவர் என் தலையைத் தொட்டதே ஆச்சரியமாகப் பட்டது.

'என்னென்ன போட்டிருக்க' என்ற கேள்விக்குப் போன மாதத்தை மட்டும் யோசித்துப் பதில் சொன்னால் போதாது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. தோள்வரை முடி உள்ளவருக்கு நுனிக்கு இரண்டு வயது, இடுப்புவரை உள்ளவருக்கு நாலைந்து வயது. நாலு வருடத்துக்கு முன் போட்ட ஸ்ட்ரெய்ட்னிங்கை நாம் மறந்துபோயிருப்போம், நுனி அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அதன்மேல் இன்னொரு கெமிக்கல் பட்டால் அந்த இடத்திலேயே ஒடியும்.

தண்ணீர் பற்றிய கேள்வி கோவைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சிறுவாணி என்றால் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்; எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணிதான். சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். இப்படித் தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும். "முடி வறண்டு போச்சு, ஸ்பா பண்ணிக்கோங்க" என்று மற்ற இடங்களில் எனக்குச் சொன்னபோது யாரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்கா சொன்னது, கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணியில் அலசு என்பது. காசில்லாத யோசனை. பலன் கையில் தெரிகிறது.

இனி மருதாணி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் வீடுகளில் பாதிப் பேர் மருதாணியை ஒரு கெமிக்கல் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "தலைக்கு எதுவும் போடறதில்லங்க, மருதாணி மட்டும்தான்" என்று சொல்லிவிடுவோம். இலையை அரைத்துப் பூசினால் செம்பழுப்பு நிறம் வரும், அதற்கும் மணிக்கணக்கில் ஊற வேண்டும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆக்கும் 'ஹெர்பல்' பாக்கெட்டில் இலையைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அது பிபிடி என்று சுருக்கிச் சொல்லும் பாரா-ஃபினைலின்டையமின், அதாவது சாதாரண ஹேர் டையில் இருக்கும் அதே பொருள். சில கலப்படப் பொடிகளில் உலோக உப்புகளும் இருக்கும்.

என் நாத்தனார் ஹைலைட்ஸ், அதாவது அங்கங்கே முடியை வெளுத்துக் கலர் ஏற்றுவது, போட வேண்டும் என்று என்னோடு வந்தாள். மருதாணி மட்டும்தான் போடுவேன் என்றாள். "பாக்கெட்டு கொண்டாந்திருக்கியா கண்ணு?" என்றார் அக்கா. இல்லை. உடனே சீப்பால் அவள் தலையை வாரி, வந்த முடியோடு பிடரியில் அடியிலிருந்து ஒரு கொத்தையும் வெட்டி எடுத்து நூலால் கட்டினார். கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம் டெவலப்பர், அதாவது ஆறு சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அதில் சில சொட்டு அம்மோனியா விட்டு, அந்தக் கொத்தை முக்கி ஓரமாக வைத்துவிட்டு என் தலைக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. "வெளிப்பக்கம் தொட்டுப் பாரு" என்றார். நாத்தனார் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள், கிண்ணம் சூடாகியிருந்தது. உலோக உப்பு இருந்தால் பெராக்சைடு பட்டதும் இப்படித்தான் பொங்கும், இதையே தலையில் வைத்து ஃபாயில் சுற்றியிருந்தால் முடி வெந்துபோயிருக்கும், தோலும் சுட்டிருக்கும் என்றார். ஹைலைட்ஸ் போட மறுத்துவிட்டார். நல்ல தொகைக்கான வேலை அது. நுனியை மட்டும் ட்ரிம் செய்து, போட்ட பகுதி வளர்ந்து வெட்டப்படும்வரை பொறுக்கச் சொல்லி அனுப்பினார். நாத்தனாருக்கு அன்று முகம் வாடிவிட்டது. எனக்கு இந்தக் கடை மேல் மரியாதை பலமடங்கு கூடிப்போனது.

அடுத்தது வெட்டும் அளவு. வேறொரு பெரிய சலூனில் எனக்கு நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும், பெயர் வேண்டாம். இரண்டு இன்ச் என்றேன். ஈரத்தில் நீட்டிப் பிடித்து இரண்டு இன்ச் வெட்டினார்கள், கேட்காமலே அடர்த்தியைக் குறைக்கும் தின்னிங் கத்தரியால் உள்ளே அள்ளினார்கள். நான் மூக்குக் கண்ணாடி போடுபவள். கழற்றி வைத்துவிட்டால் எதிரே தெரிவது வெறும் மங்கலான உருவம். காய்ந்ததும் சுருள் மேலே ஏறி, முடி காதுக்குக் கீழே நின்றது; மெலிந்த இழைகள் பஞ்சாகப் பறந்தன. மூன்று இன்ச் கூடுதலாகப் போனால் அதைத் திரும்ப வளர்க்க அரை வருடம் ஆகும். சுருட்டை முடி ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாத விஷயமில்லை.

வடவள்ளி அக்கா இன்ச் என்று பேசுவதே இல்லை. காய்ந்த முடியில் ஒரு சுருளை அதன் போக்கில் விட்டு, நுனியில் தன் விரலைக் குறுக்கே வைத்து, "ரெண்டு விரக்கடை, இங்கயா? இல்ல இன்னும் கீழயா?" என்பார். நான் என் விரலை வைத்துக் காட்டுவேன். அவர் விரல் என் விரலைவிடத் தடிமன், அதையும் அவரே சொல்வார். முதல் கொத்தை வெட்டியதும் நிறுத்திவிட்டு, என் கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுப்பார். பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மீதி. கண்ணாடி போடும் எல்லோருக்கும் சொல்கிறேன்: எந்தக் கடையாக இருந்தாலும் முதல் வெட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதற்குக் கூச்சமே வேண்டாம்.

தம்பி கல்யாணத்துக்கு முன்னால் நானே ஸ்மூத்தனிங் கேட்டுப் போனேன். வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. என்ன நடக்கும் என்று விளக்கினார். முடி கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள்தான் சுருளைப் பிடித்து வைத்திருக்கின்றன. க்ரீமில் இருக்கும் அம்மோனியம் தயோகிளைகோலேட் அந்தப் பிணைப்புகளை உடைக்கும். அயர்ன் வைத்து நேராக்கிய பிறகு நியூட்ரலைசர் அதே நேர் வடிவத்தில் அவற்றைத் திரும்ப இணைக்கும். உடைந்ததெல்லாம் முழுதாக இணைவதில்லை, அதனால்தான் முடி பலமிழக்கிறது. பிறகு ஒரு முடியை ஈரமாக்கி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துக் காட்டினார். நீண்டு, விட்டதும் பழைய அளவுக்கு வந்தது. "இது திரும்பி வராம ரப்பர் மாதிரி இழுபட்டாலோ, டப்புனு அறுந்தாலோ தொடவே கூடாது. உனக்குத் தாங்கும். ஆனா ஆறு மாசத்துல வேர்ல இருந்து சுருளா வரும், கீழ நேரா நிக்கும். அப்ப என்ன பண்ணுவ கண்ணு?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. கல்யாணத்தன்று நன்றாகக் காயவைத்து, ஹீட் ப்ரொடெக்டன்ட் தடவி, சூட்டைக் குறைத்து அயர்ன் செய்துகொண்டதோடு நிறுத்தினேன். மறுநாள் தலைக்குக் குளித்ததும் என் சுருள் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அயர்ன் வைக்கும்போது 'சுர்ர்' என்று சத்தம் கேட்டு ஆவி வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முடிக்குள் இருக்கும் ஈரம் கொதித்துக் குமிழாகிறது என்று அர்த்தம். குமிழ் விழுந்த இடத்தில் முடி ஒடியும். "ஈரமா இருக்குங்க, இன்னும் கொஞ்சம் காய வைங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முடியை நேராக்க கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரில் விற்பதை அக்கா செய்வதே இல்லை. முன்பு செய்தவர்தான். ஒவ்வொரு தடவையும் கண் எரிந்து, தொண்டை கரகரத்து, உதவிக்கு இருந்த பெண்ணுக்கு மூச்சிழுப்பு வந்த பிறகு நிறுத்திவிட்டார். இவற்றில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூடு பட்டதும் அது வெளியாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று லேபிள் ஒட்டிய சரக்கிலும் அது இருந்ததைக் கண்டுபிடித்து, 2011-ல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சலூன்களுக்கு எச்சரிக்கை விட்டது. பெட்டியின் பின்பக்கத்தில் மெத்திலீன் கிளைகால், ஃபார்மலின் என்று இருந்தால் இரண்டும் அதேதான். இப்போது அதற்குப் பதிலாகக் கிளையாக்சிலிக் அமிலம் வருகிறது. ஒரு பெண்ணுக்கு மூன்று முறை முடி நேராக்கியபோதும் மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதையும், அந்த அமிலம் கலந்த க்ரீமை எலிகளுக்குத் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்ததையும் 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. நமக்கு வருடத்தில் ஓரிரு முறை. அதைத் தலைதலையாகப் பூசி, அந்தப் புகையிலேயே நாள் முழுக்க நிற்கும் பெண்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைக் காட்டச் சொல்லிப் படிப்பது நம் உரிமை. ஜன்னலைத் திறக்கச் சொல்வது அவர்களுக்கும் சேர்த்து.

நரைக்கு நான் டை போடுகிறேன், அக்காவிடம்தான். இரண்டு நாள் முன்னதாகவே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி அனுப்புவார். அரிப்போ சிவப்போ வந்தால் கிடையாது. வழக்கமாகப் போடுகிற டைதானே என்றால், "இத்தனை நாள் ஒத்துக்கிச்சுனு இன்னிக்கும் ஒத்துக்கும்னு இல்ல" என்பார். உண்மைதான், பிபிடி ஒவ்வாமை பல வருடம் பயன்படுத்திய பிறகும் வரலாம். கலரை வேரில் வளர்ந்த நரைக்கு மட்டும் வைப்பார், ஏற்கெனவே கலர் ஏறிய நீளத்துக்கு இழுத்துவிட மாட்டார். மற்ற கடைகளில் இதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கும்: "வேருக்கு மட்டும் போதுங்க."

டெங்கு வந்து எழுந்த பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து எனக்குக் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. சீப்பில், தலையணையில், குளியலறை ஜாலியில் எங்கு பார்த்தாலும் முடி. பயந்து போய் ஸ்பா பேக்கேஜ் கேட்டேன். அக்கா தலையைப் பிரித்து வேரைப் பார்த்தார். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டு விரல்விட்டு எண்ணினார். "இது காய்ச்சல் முடி கண்ணு. பிள்ளை பெத்தவங்களுக்கும் இப்படித்தான் மூணு நாலு மாசத்துல கொட்டும். எங்கிட்ட காசக் குடுக்காத, தோல் டாக்டரப் பாரு" என்றார். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், இரும்புச் சத்து குறைந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டேன், மெல்ல நின்றது. முன்நெற்றியில் குட்டி முடிகள் குத்திட்டு வந்தபோது அக்காதான் முதலில் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பெரும்பாலான இடங்களில் நம் தலையைத் தொட்டவுடன் "ரொம்பக் கொட்டுது மேடம்" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி எல்லோருக்கும் கொட்டும். அந்த நேரத்தில் நான் சொல்வது ஒரே வாக்கியம்: "இன்னிக்கு ட்ரிம் மட்டும்தான் வந்தேங்க, வேற எதுவும் வேண்டாம்."

அக்கா சொல்வதெல்லாம் எனக்குச் சம்மதம் என்றில்லை. பொடுகுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்வார். பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு என்று தோல் டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை அக்காவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப நுனிக்கு மட்டும் தேங்காயெண்ணெய் வை, வேருக்கு வேண்டாம்" என்று மாற்றிக்கொண்டார். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003-லேயே எழுதியிருக்கிறார்கள், அதனால் அந்த யோசனை எனக்குச் சரியாகவே பட்டது. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுத் தன் வழக்கத்தை மாற்றும் ஒருவரிடம் எதையும் மறைக்கத் தோன்றுவதில்லை. மாத்திரை, மாதவிடாய், வீட்டில் பேன் வந்தது என எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. பேசிப் பேசியே வேலை நடப்பதால் நேரம் இழுக்கும், அவசரத்துக்கு ஆகாது. வாஷ் பேசினின் விளிம்பு உயரம், பின்கழுத்து வலிக்கும். துண்டை மடித்து வைக்கச் சொல்ல வேண்டும். தலை துவட்டும்போது அந்த உதவிப் பெண் பரபரவென்று தேய்ப்பாள். ஈர முடி பலவீனமானது, ஒற்றியெடுக்கச் சொல்ல வேண்டும், சொன்னால் கேட்டுக்கொள்வாள். கார்டு எடுப்பதில்லை, ஜிபே அல்லது ரொக்கம். ஆண்களுக்கு அனுமதியில்லை. முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போய்விடுவார், கடை பூட்டியிருக்கும்.

விலையெல்லாம் நியாயம்தான். யூ கட் 200 ரூபாய், சுருட்டை முடிக்குப் பொறுமையாக வெட்டும் லேயர் கட் 450, வேருக்கு மட்டும் டை 700. கேள்விகளுக்கும் கிண்ணத்து டெஸ்ட்டுக்கும் காதுக்குப் பின்னால் வைக்கும் பொட்டுக்கும் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

வார நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு. முதல் நாளே போன் செய்துவிட வேண்டும். அன்று காலை எண்ணெய் வைக்காமல், கொண்டை போட்டு நசுக்காமல், முடியைத் தளர்வாக விட்டுக்கொண்டு போவது நல்லது. வீட்டில் தலைக்குப் போடும் டை, மருதாணிப் பொடி, ஷாம்பு எல்லாவற்றின் பாக்கெட்டையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் பின்பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாலும் போதும். அக்கா கண்டிப்பாகக் கேட்பார்.